பென்சில் கதவு

மார்த்தாண்டத்தில், மேம்பாலத்து பஸ்களின்
சக்கரம் மட்டும் தெரிகிற மாடியில்
பல் கட்டும் வேலை எனக்கு.
எட்டு மணிவரை அடுத்தவர் வாய்.
அதற்குமேல் அதே மெழுகு, அதே டிரில்,
கண்ணில் திருகிய அதே லென்ஸ்
என் வீடுகளுக்கு.

வீடுகள் நான்கு.
ஒன்று தகரம், படிக்கட்டு வெறும் சித்திரம்.
ஒன்று கொழும்பிலிருந்து கப்பலில் வந்ததென்றார் விற்றவர்;
அடியில் ஒட்டியிருந்ததோ மதுரைச் செய்தித்தாள்.
சிரித்துக்கொண்டே காசு கொடுத்தேன்.
மூன்றாவதற்குக் கூரை இல்லை, விடுங்கள்.

நான்காவதைக் கருங்கல் கிளீட்டஸ் கொண்டுவந்தான்,
பழைய சாமான் ஆட்டோவில்,
மின்விசிறிக்கும் கழிப்பறைப் பீங்கானுக்கும் நடுவே.
நெய்யூர்ப் பக்கம் ஏதோ மிஷன் பங்களா இடித்தார்களாம்.
"எலிக்கூடு மாதிரி இருக்கு பல்லக்கா,
ஒங்களுக்குப் புடிக்கும்."

ஆயினி மரம்.
முன்சுவர் மொத்தமும் கீலில் திறக்கும்.
ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று எட்டு அறைகள்.
இந்த வேர்வை ஊரில் குளிர்காயக் கணப்பு,
அதில் தணலாக உடைத்த குன்றிமணி.
சாப்பாட்டு மேஜைமேல் சுண்ணாம்பில் செய்த முழு வாத்து.
எல்லாம் இருந்தது.
வாத்து வெந்த இடம் மட்டும் இல்லை.

மூன்று மாதம் ஆயிற்று சமையலறைக்கு.
நகக்கண் அளவு அம்மி.
ஈறு நிறத்து அக்ரிலிக்கைச் சுரண்டினால்
மரச்சீனிக் கிழங்கின் உள்தோல், அச்சு அசல்.
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் சாளை மீன் பதினாறு;
கண்ணுக்கு மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல்,
கண்ணுக்கு ஒரு பொடியாக.
தும்மல் வந்து இரண்டு முறை குருடாயின.

சட்டி, அடுப்பு, புகைக்கரி எல்லாம் தயார்.
எங்கே வைப்பது?
பங்களாக்களில் சமையல் பின்னால், தனியாக,
மீன்வாடை பியானோவுக்கு எட்டாத தூரத்தில்.
அங்கே போக ஒரு வாசல் வேண்டும்.
பின்சுவரோ ஒரே பலகை.

கோட்டயத்தில் என்னைப்போலவே வீடு சேர்க்கும் ஷோபனன்
போனில் பதறினார்:
"தொடாதீங்க. ஓட்டை போட்டா அது பழசே இல்ல."
சரிதான்.
ஆனால் நல்ல பல் இரண்டைச் சீவித்தான்
நடுவில் போன பல்லுக்குப் பாலம் கட்டுகிறோம்.
அதற்கு யாரும் போன் செய்வதில்லை.

இரவு பதினொன்று. வெளியே துலாமழை.
டிரில்லில் மெல்லிய ஊசியை மாட்டி
சாப்பாட்டறை அலமாரியை நகர்த்தினேன்.
வஜ்ரம் விட்டுப்போய்த் தானே கையோடு வந்தது.

அதன் பின்னால் ஒரு கதவு.
பென்சிலால் வரைந்தது.
இடப்பக்கம் குமிழ், அதன்கீழ் சாவித்துளை,
கீல் இரண்டு, ஒன்று கோணல்.

அளந்தேன், பழக்கம்.
உயரம் இரண்டு அங்குலம்.
அதாவது வீட்டின் கணக்கில் இரண்டடி.
இந்த வீட்டுத் துரைக்கோ துரைசாணிக்கோ
இடுப்புகூட நுழையாது.
நுழைவதென்றால் நடக்கப் பழகிய ஒரு பிள்ளை.

யார் வரைந்தது?
வீட்டுக்குச் சொந்தக்காரச் சிறுமியா,
வீட்டைத் துடைக்க வந்தவளின் முந்தானையைப் பிடித்துவந்து
யாரும் பார்க்காத ஐந்து நிமிடத்தில்
பென்சில் கிடைத்த வேறொருத்தியா?
கோட்டைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது.
ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு விரல்தடம்.
அரைத்த மஞ்சளா, மரத்தின் வயசா,
சோதிக்கும் மருந்து என் அலமாரியிலேயே இருக்கிறது.
எடுக்கவில்லை.

ஊசியைக் கழற்றிவைத்தேன்.
ஏற்கெனவே திறந்திருப்பதை நான் என்ன திறப்பது?
சமையலறையைச் சுவருக்குப் பின்னால் வைத்தேன்,
பென்சில் கதவுக்கு நேராக,
ஒரு விரல் இடைவெளி விட்டு.
பங்களா அலமாரி இனி என் மேஜை டிராயரில்.

காலையில் கடை திறக்கும்போது
வாத்துக்குப் பக்கத்தில், பீங்கான் தட்டில்
ஒரு சாளை வைத்தேன்.
எந்த வழியாக வந்தது என்று
வீடு தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டியில் இப்போது பதினைந்து.
பத்து மணிக்குக் குழித்துறைக்காரர் வருவார்,
கீழ்த்தாடைக்கு.